பலெர்மோவில் ஒரு மழை நாள்

மழை நாளில் ஊர் பார்க்கப் போவது எனக்குப் பிடிக்கும். கூட்டம் குறைவாக இருக்கும், வெயிலில் தலையிடி வராது, பழைய சுவர்களின் நிறமும் நனைந்த பிறகுதான் சரியாகத் தெரியும். ஆகவே கப்பல் இத்தாலியில் பலெர்மோத் துறைமுகத்தில் நின்ற அன்று காலை, மழையைக் கண்டு மற்றப் பயணிகள் முகம் சுளித்தபோது நான் சுளிக்கவில்லை. அக்காவும் சுளிக்கவில்லை. வட்டச் சன்னலின் கண்ணாடியில் மூக்கை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைத் தமிழிலேயே எழுதலாம் என்று பொலிஸ் சார்ஜன்ட் சொன்னார். இங்கே மெல்பேர்ணில், எங்கள் கிளேட்டன் பகுதிப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் வாசுதேவன் ஆங்கிலத்தில் மாற்றித் தருவாராம். அவரை எனக்குத் தெரியும். அவருடைய மனைவியின் முதல் பிரசவத்துக்கு நான்தான் பக்கத்தில் நின்றேன். வாசுதேவன், உங்களுக்கு இது சங்கடமாக இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆங்கிலத்தில் நானே சொன்னால் ஏதோ கோபத்தில் செய்ததுபோல வந்துவிடும். நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

என் அக்கா சிவமணிக்குப் பிறவியிலேயே காது கேளாது. பேச்சும் இல்லை. எங்கள் காலத்தில் எங்கள் ஊரான சுன்னாகத்தில் அப்படியான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கவில்லை. கைதடியில் ஒன்று தொடங்கியபோது அவளுக்கு வயது போய்விட்டது. எழுதப் படிக்கத் தெரியாமலே இருந்துவிட்டாள். கைகளால் பேசுவாள். அந்தப் பேச்சை எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. விளையாடுகிற வயதில் அவளும் நானும் உண்டாக்கிக்கொண்டது. அம்மாவுக்கு அதில் அரைவாசி விளங்கும். அப்பாவுக்கு அதுவும் இல்லை. அவர்கள் இருவரும் போன பிறகு அந்தப் பேச்சு தெரிந்தவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் லண்டனில் நேர்ஸ் படிப்பு முடித்துவிட்டு மெல்பேர்ணுக்கு வந்தேன். அக்காவை இங்கே எடுப்பதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வைத்தியச் சோதனைகள், உறுதிக் கடிதங்கள், எனக்குப் பிறகு அவளை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகள். வேறு யாரும் என்றால் பாதியில் விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. எழுபத்து நான்காம் ஆண்டு அவள் வந்து இறங்கினாள். சார்ஜன்ட் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அக்காவைக் கைவிடுகிற ஆள் என்றால் அன்றைக்கே சுகமாக விட்டிருக்கலாம். எனக்குப் பேசிவந்த சம்பந்தங்கள் அக்காவைக் கேள்விப்பட்டதும் நின்றுபோயின. அதையும் நான் அவளுக்குச் சொன்னதில்லை.

அவள் வந்த கிழமையே ஒரு சின்ன வெள்ளித் தகட்டில் அவளுடைய பெயரையும் எங்கள் விலாசத்தையும் வெட்டுவித்து, சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் போட்டுவிட்டேன். குளிக்கும்போதும் கழற்றக்கூடாது என்று சொல்லியிருந்தேன். எங்கேயாவது வழிதவறினால் யாராவது பார்த்துக் கொண்டுவந்து விடுவார்கள் அல்லவா. அந்த அளவுக்கு நான் யோசிக்கிறவள்.

கிளேட்டனில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் இத்தாலியப் பெண் இருந்தாள். வேலிக்கு மேலால் தக்காளியும் கத்தரிக்காயும் கொடுத்து வாங்கி, அவளும் அக்காவும் நெடுநேரம் கைகளால் கதைத்துக்கொண்டு நிற்பார்கள். இத்தாலியர்கள் கையால் பேசுகிற சனம். பின்னால் நான் எடுத்த முடிவுக்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்ல வேண்டும். வேறொரு நாட்டில் என்றால் நான் அப்படி யோசித்திருக்க மாட்டேன்.

அரியரத்தினம் ரயில்வேயில் எஞ்சினியர். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. ஒரு சிவராத்திரிப் பூசைக்குப் பிறகு எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினார். அப்போது இங்கே எங்கள் சனம் கொஞ்சம்தான். ஒருவர் வீட்டு வாசலில் யாருடைய கார் நிற்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கமலினிக்கு ஒரு வழி பிறந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல சீலையாக எடுத்து உடுத்தினேன்.

அவர் முன்னறையில் இருக்கமாட்டார். கதிரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விடுவார். அக்கா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு, இது என்ன, அது என்ன என்று கேட்டு ஒவ்வொரு சாடையாகப் பழகினார். மழைக்கு விரல்களை உதறவேண்டும். தேத்தண்ணிக்குக் கையைச் சாய்க்கவேண்டும். அக்கா அவருக்கும் ஒரு பெயர் வைத்தாள். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிடுவதுபோலச் செய்தால் அது அவர். படித்த மனிதர், கெட்டிக்காரர், கெதியாகப் பிடித்துக்கொண்டார். நான் பாராட்டினேன்.

ஒரு ஞாயிறு எனக்குக் காலை வேலை. திரும்பி வரும்போது அவருடைய கார் வாசலில் நின்றது. கதவைத் திறந்தால் ஒரு சத்தம் கேட்டது. கரகரவென்று, தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல. அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடினேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சிரிப்புக்குச் சத்தம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"என்ன பகிடி?" என்று கேட்டேன்.

"சும்மா. ஒண்டுமில்லை" என்றார் அரியரத்தினம். அக்காவும் கண்ணைத் துடைத்தபடி, ஒன்றுமில்லை என்று கையை விசிறினாள்.

நான் போய் உடுப்பு மாற்றினேன்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து அவர் ஒரு நாள் முன்னறையிலேயே இருந்தார். கதிரையின் நுனியில். அக்கா பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கமலினி, நான் ஒரு விஷயம் கேக்கவேணும். கோவிக்கக்கூடாது."

"கேளுங்கோ."

"சிவமணியை நான் கலியாணம் செய்ய விரும்புறன். நீங்கள்தானே அவவுக்குத் தாயும் தேப்பனும். அதுதான் உங்களிட்ட முதல் கேக்கிறன்."

நான் எழுந்து குசினிக்குப் போனேன். ஏதோ கொதித்து ஊற்றுகிற சத்தம் கேட்டதுபோல இருந்தது. அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. திரும்பி வந்து இருந்தேன்.

"அக்காவிட்டச் சொன்னனீங்களோ?"

"இல்லை. உங்கட சம்மதம் இல்லாமல் எப்பிடி?"

"ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ. எனக்கு நீண்ட லீவு ஒண்டு வருது. அக்காவை ஒரு கப்பல் பயணம் கூட்டிக்கொண்டு போகப் போறன். அங்க வச்சு ஆறுதலாச் சொல்லுறன். வந்து நாள் பாப்பம்."

அவருக்கு வந்த சந்தோசத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன், தங்கச்சி" என்றார். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

நான் பொறாமைப்பட்டேன் என்று சார்ஜன்ட் நினைக்கிறார். அவர் மனிதர்களை அப்படித்தான் பார்த்துப் பழகியவர். நான் நேர்ஸ். வார்ட்டில் பார்த்திருக்கிறேன். முதல் கிழமை பூக்களோடு வருகிற புருஷன்மார் கொஞ்ச நாளில் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். இரக்கம் நிலைக்காது. அவருக்கு அலுத்துப்போகும் நாளில் அக்கா என்ன செய்வாள்? அவளை அதிலிருந்து காப்பாற்றவேண்டியது என் பொறுப்பு என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கடந்த ஒக்டோபரில் ஏதென்சுக்குப் பறந்து, அங்கே துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். பயணம் முழுக்க எங்கள் பாஸ்போர்ட்டுகளைக் கப்பல் அலுவலர்கள் தங்கள் கந்தோரில் வைத்திருப்பார்கள். கரைக்குப் போகும்போது ஆளுக்கொரு அட்டை தருவார்கள். திரும்பி வந்ததும் அதை ஏணிப்படியில் நிற்பவரிடம் கொடுக்கவேண்டும். அக்கா எதையும் தொலைத்துவிடுவாள் என்று இரண்டு அட்டைகளையும் நான்தான் வைத்திருப்பேன். எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட எலேனி என்ற கிரேக்கப் பெண்ணுக்கு அக்காவில் நல்ல வாரப்பாடு, சொந்தக்காரிபோலப் பார்ப்பாள். அக்கா நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னால் அவளும் அப்படியே செய்வாள்.

பலெர்மோவில் முதலில் எங்களைப் பஸ்ஸில் மலைமேல் இருந்த ஒரு பெரிய தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே சுவரெல்லாம் தங்கம். வெளியே மழை இருட்டு, உள்ளே அந்த மினுக்கம். அக்கா கழுத்து நோக அண்ணாந்து பார்த்தாள். இதை யார் ஒட்டியது, இவ்வளவு உயரத்தில் விழாமல் எப்படி நின்றார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவளுக்கு அது நல்ல நாள். நான் அதைக் கெடுக்கவில்லை.

திரும்பி நகரத்துக்கு வந்ததும், கப்பலுக்குப் போகும் நேரம்வரை விரும்பியபடி சுற்றலாம் என்று விட்டார்கள். ஒரு கடையில் கோப்பி குடித்தோம். அரியரத்தினத்துக்குக் கொடுத்த வாக்குப்படி அங்கேதான் அக்காவிடம் சொன்னேன். கண்ணாடிக்காரர் உன்னைக் கலியாணம் செய்யக் கேட்கிறார், உனக்கு விருப்பமா என்று கேட்டேன்.

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். என் கைகளையே பார்த்தாள், நான் பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்பதுபோல. திருப்பிச் சொன்னேன். அவள் முகம் மாறியதை நான் எழுத முடியாது. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிறகு கைகளை எடுத்து, மெதுவாகச் சொன்னாள். அவருடைய வீடு பெரிய வீடு. முன்பக்கத்து அறை வெளிச்சம். அது உனக்கு. நீ வேலை முடிந்து களைத்து வருவாய், நான் சமைத்து வைப்பேன். நீ தனியே இருக்கக்கூடாது. நீ வந்தால்தான் நானும் போவேன்.

அவள் எனக்கு ஓர் அறை வைத்திருந்தாள். அந்த வீட்டை நினைத்த முதல் நிமிஷத்திலேயே எனக்கென்று ஓர் அறையை ஒதுக்கிவிட்டாள். அவ்வளவு காலமும் யார் யாருக்கு அறை கொடுத்து வைத்திருந்தது என்பதை வாசுதேவன், உங்களைப் போன்றவர்கள் அறிவீர்கள்.

நான் சிரித்து, சரி என்றேன். பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

பெருந்தெருவை விட்டு ஒழுங்கைகளுக்குள்ளால் கொஞ்ச தூரம் நடந்தோம். சுற்றுலாக்காரர்கள் வராத பகுதி. ஈரக் கற்களில் வழுக்காமல் இருக்க அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், அல்லது நான் வழுக்காமல் இருக்க. ஒரு சின்னத் தேவாலயம் திறந்திருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை, மெழுகுதிரிகள் எரிந்தன. அவளைக் கடைசி வரிசையில் இருந்த வாங்கில் இருத்தினேன். கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டேன். இங்கே இரு, நான் வருகிறேன் என்றேன். அவள் தலையாட்டி, என் சீலையின் நனைந்த தலைப்பைப் பிழிந்துவிட்டாள். அக்கா காத்திருப்பதில் நல்ல பழக்கமுள்ளவள். சொன்ன இடத்தில் இருப்பாள்.

எங்களிடம் ஒரு குடைதான் இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். அவள் உள்ளேதானே இருந்தாள்.

கழுத்துத் தகட்டைப் பற்றி சார்ஜன்ட் திருப்பித் திருப்பிக் கேட்டார். அன்று காலை அதன் கொளுக்கி தளர்ந்திருந்தது. விழுந்துவிடும் என்று நான் கழற்றி என் கைப்பையில் வைத்தேன். பிறகு அது கடலில் போனதும் உண்மைதான். கொளுக்கி தளர்ந்திருந்தது என்றால் நம்புவாரில்லை.

கப்பலடியில் பெருமழை. எல்லாரும் குடைகளோடு முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். அட்டை வாங்குகிறவர் தலைக்குமேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இரண்டு அட்டைகளையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் பார்க்கவில்லை. யாராவது ஒருவர், உன்னுடைய அக்கா எங்கே என்று கேட்டிருந்தால் நான் உடனே சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. இதையும் பதிவுசெய்ய வேண்டும்.

அக்காவுக்குத் தலைசுற்று, படுத்திருக்கிறாள் என்று எலேனியிடம் சொன்னேன். அவள் கதவடியில் சூப் கொண்டுவந்து தந்தாள். நல்ல சூப். அக்காவின் கட்டில் விரிப்பைக் கசக்கி, தலையணையில் தலை பதிந்ததுபோல அழுத்தி வைத்தேன். மறுநாள் வெளிச்சம் வரமுன் அவளுடைய மற்றச் சோடிச் செருப்பைக் கப்பலின் பின்தட்டில் கம்பியோரமாக வைத்துவிட்டு வந்து, அக்காவைக் காணவில்லை என்று சொன்னேன்.

கப்பலைத் திருப்பினார்கள். வந்த வழியே போய் வட்டமடித்துத் தேடினார்கள். பயணிகள் மழைக்கோட்டுகளோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து நின்றார்கள். ஒரு வயதான அவுஸ்திரேலியர், ஏதோ தெரிகிறது, ஏதோ தெரிகிறது என்று கத்திக் கத்திக் குரல் அடைத்துப்போனார். அவர்களைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. காது கேளாதவள், ஈரத் தட்டில் வழுக்கினாளோ, எச்சரித்தது கேட்டிருக்காது என்று கப்டன் எழுதினார். எலேனி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை.

செய்தி கேள்விப்பட்டு மெல்பேர்ண் விமான நிலையத்துக்கு அரியரத்தினம் வந்திருந்தார். நான் கிட்டப் போகும்வரை அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ஆட்கள் வெளியே வருகிற கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். காரில் ஏறிய பிறகுதான் கேட்டார்.

"அவவிட்டச் சொன்னனீங்களோ?"

"ஓம், சொன்னனான்."

"என்ன சொன்னவ?"

"விருப்பமில்லை எண்டவ. சொன்ன நேரம் தொடக்கம் ஒரு மாதிரித்தான் இருந்தவ."

அவர் காரைத் தெருவோரம் நிறுத்தினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தன்னால்தான் அவள் கடலில் பாய்ந்தாள் என்று நினைத்திருக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் என்ன நினைத்தார் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

அவர் பிறகு வரவேயில்லை. வேலையை மாற்றிக்கொண்டு சிட்னிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் சனம் மாறி மாறிச் சோறு கொண்டுவந்து தந்தார்கள். அக்காவுக்கு நான் செய்ததை உலகத்தில் ஒரு தங்கச்சியும் செய்யமாட்டாள் என்று சொன்னார்கள். பக்கத்து வீட்டு இத்தாலியப் பெண் எங்கள் தக்காளிக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவாள். வீடு அமைதியாக இருந்தது. அது முன்பும் அமைதியான வீடுதான், ஆனால் இது வேறு.

இந்த ஏப்பிரலில் அதே கப்பல் பலெர்மோவுக்குப் போயிருக்கிறது. எலேனி கரையிறங்கி, துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு தேவாலயத்துக்குப் போயிருக்கிறாள். வாசல் பலகையில் ஒரு படம் ஒட்டியிருந்ததாம். பெயர் தெரியாத பெண், காது கேளாதவள், குளிர்காலத்தில் சளிக்காய்ச்சலில் இறந்துவிட்டாள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. எலேனி அந்தப் படத்தைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தாளாம். பிறகு அவள்தான் பொலிசுக்குச் சொன்னாளாம்.

மீதியைச் சார்ஜன்ட் எனக்கு வாசித்துக் காட்டினார். அன்று இருட்டிக் கதவு பூட்டும்வரை அவள் அந்த வாங்கில்தான் இருந்திருக்கிறாள். இழுத்தும் எழும்பவில்லையாம். பிறகு கன்னியாஸ்திரிகள் தங்கள் இல்லத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தியப் பெண் என்று நினைத்து அந்த வழியால் விசாரித்தார்களாம். அங்கே அப்படி ஒருத்தியும் காணாமல் போயிருக்கவில்லை. அவள் நாள்தோறும் துறைமுகத்துக்குப் போய்விடுவாளாம். மழையிலும் போவாளாம். பூட்டிவைத்தால் கதவில் அடிப்பாளாம். எல்லாரிடமும் ஒரே சாடையைத்தான் காட்டினாளாம். யாருக்காவது விளங்கட்டும் என்று அவர்கள் அதைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள்.

சார்ஜன்ட் இரண்டு படங்களை மேசையில் வைத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் வெளியே போய் அரியரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். சிட்னியில் இருந்து வரவழைத்திருந்தார்கள். நரைத்துப்போயிருந்தார். படங்களை எடுத்துப் பார்த்தார். முதல் படத்தில் அக்கா தன் பின்னலின் நுனியைப் பிடித்திருந்தாள். அடுத்ததில் குவித்த விரல்கள் வாயில்.

"இது நீங்கள், கமலினி" என்றார். "சின்னனில நீங்கள் அவவின்ர பின்னலைப் பிடிச்சுக்கொண்டுதானாம் நடப்பியள். பின்னலைப் பிடிச்சா அது தங்கச்சி. எனக்குச் சொல்லித் தந்தவ."

அவர் அடுத்த படத்தை என் பக்கம் திருப்பினார்.

"மற்றது, சாப்பிட்டாளோ எண்டு கேக்கிறா. கண்ட ஆக்களையெல்லாம் மறிச்சு, என்ர தங்கச்சி சாப்பிட்டாளோ எண்டு கேட்டிருக்கிறா. பசிக்குதாக்கும் எண்டு அதுகள் பாண் குடுத்திருக்குதுகள். அவ தின்னேல்லை. காஞ்ச பாணெல்லாம் தலையணைக்குக் கீழ கிடந்ததாம். உங்களுக்கெண்டு எடுத்துவச்சிருக்கிறா. நீங்கள்தான் துலைஞ்சுபோனியள் எண்டு நினைச்சு, உங்களைத் தேடித்தான் அந்த மழைக்குள்ள திரிஞ்சவ."

அவர் படங்களை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். என்னைத் திட்டவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சார்ஜன்ட் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எனக்குத் தாகமாக இருக்கவில்லை. அரியரத்தினம் சொன்னதை நான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். பார்க்கப்போனால் அது எனக்கு ஆறுதலான செய்தி.

ஆகவே வாசுதேவன், கடைசிப் பகுதியை ஒரு சொல்லும் விடாமல் மாற்றித் தாருங்கள். என் அக்கா சிவமணியைப் பெயரும் விலாசமும் இல்லாமல் அந்நிய ஊரில் விட்டுவிட்டு வந்தவள் நான்தான். திரும்பிப் போக எனக்கு ஒரு நாளும் எண்ணம் இருக்கவில்லை. ஆனால் தன்னை ஒருத்தி விட்டுவிட்டுப் போனாள் என்பது சாகும்வரை அவளுக்குத் தெரியவே இல்லை. அந்த அளவுக்கு நான் அவளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.